விட்டுப்போன எண்கள்

ஜெயபாலன் ஓட்டுகிற பஸ் பின்னால் வருகிறது என்று தெரிந்தால், முன்னால் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஈப்போவில் சிலர் இருந்தார்கள். சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பதற்காக அல்ல. அவர் வண்டியில் வாந்தி வராது என்பதற்காக.

அப்போது கோலாலம்பூருக்குப் பெரிய நெடுஞ்சாலை முழுதாகப் போட்டு முடிக்கவில்லை. கம்பார், தாப்பா, பீடோர், சுங்காய், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராக நுழைந்து வளைந்து போகிற பழைய சாலைதான். மற்ற ஓட்டுநர்கள் வளைவில் லோரிகளை முந்தப் பார்ப்பார்கள். ஜெயபாலன் லோரிக்குப் பின்னாலேயே பொறுமையாகப் போய், நேர்ச்சாலை வந்ததும் முந்துவார். பிரேக் போட்டது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு.

இந்தப் பழக்கம் தோட்டத்தில் வந்தது. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அவருக்கு மரத்தில் மனம் ஒட்டவில்லை; இருபது வயதில் தோட்டத்துப் பால் லோரியில் ஏறிக்கொண்டார். தொட்டி நிறையப் பாலோடு வரும்போது பிரேக்கை வெடுக்கென்று மிதித்தால், உள்ளே பால் அலையடித்து வண்டியையே முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலுக்குப் பயந்து பயந்து கால் மெதுவாகிவிட்டது. பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். பால் இல்லாத இடத்தில் பால் லோரி எதற்கு? 1978-இல் மனைவி நவமணியைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினார். நவமணிக்கு மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நுண்ணோக்கி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. ஜெயபாலன் பஸ் ஓட்டினார். பிள்ளை இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

1988-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால் அந்த விபத்து நடந்தது. பீடோரைத் தாண்டிய இடம். காலை நேரம், நல்ல வெளிச்சம். பக்கவாட்டு மண் சாலையிலிருந்து ஆ சூன் என்ற கொய்யாத் தோட்டக்காரர் பின்னால் இரண்டு கூடைகளைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். பஸ் கடைசி நேரத்தில் வெடுக்கென்று திரும்பியது. மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை இடித்துவிட்டு, வடிகாலில் இறங்கி, ஒரு செம்பனை மரத்தில் மோதி நின்றது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போனது. ஆ சூனுக்கு வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. ஜெயபாலனின் தலை பக்கக் கம்பியில் மோதி, மயக்கம் தெளிய இரண்டு நாளானது.

தெளிந்தபோது அவருக்கு விபத்து ஞாபகம் இல்லை. நேர்ச்சாலை ஞாபகம் இருந்தது. பிறகு ஒரு கொய்யாக் கூடை கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. தலையில் அடிபட்டால் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். சந்திப்பில் நிற்காமல் வந்தது மோட்டார் சைக்கிள்தான் என்று போலீஸ் முடிவு செய்தது. ஜெயபாலன் மேல் வழக்கு இல்லை.

சில மாதத்தில் தலைவலி போனது. தழும்பின் மேல் முடி வளர்ந்தது. கிளினிக்கில் கண் பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், முட்டியில் தட்டிப் பார்த்தார்கள். மயக்கம், வலிப்பு ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று ஜெயபாலன் சொன்னார். அவருக்குத் தெரிந்த வரை அது உண்மை. தீபாவளி கழிந்ததும் வேலைக்குத் திரும்பலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அதுவரை வீட்டில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். வீட்டு வாசல் கதவைக் கழற்றி மாட்டினார். அண்டை வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றினார். அப்படி இருந்தபோதுதான் பின்னறையில் ராஜு ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்தான்.

ராஜு, நவமணியின் தம்பி. இருபத்தாறு வயது. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கிறவன். அக்காள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தான். கடையில் ஒதுக்கிப் போட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்து, மேல் மூடி இல்லாத ஒரு பெட்டியை உருவாக்கியிருந்தான். நண்பன் ஒருவன் கொடுத்த வட்டில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. திரையில் நாலே நிறம். சாலை கறுப்பு, வானம் வெளிர்நீலம், மலைகள் மட்டும் ஏனோ ரோஜா நிறம். சாலை நம்மைப் பார்த்து ஓடி வரும். அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி வண்டியைத் திருப்ப வேண்டும்.

ஜெயபாலன் முதலில் சிரித்தார். ஸ்டியரிங் இல்லாத வண்டி என்ன வண்டி என்று கேட்டார். ஆனால் மறுநாள் ராஜு வேலைக்குப் போன பிறகு தானே அதைப் போட்டுப் பார்த்தார். ஒரு வாரத்தில் காலையும் மாலையும் அதன் முன்னால் உட்காரலானார். கை மறந்துவிடக் கூடாது என்று நவமணியிடம் காரணம் சொன்னார்.

அவர் விளையாடியது வேடிக்கையாக இருக்கும். முதலாவதாக வர வேண்டும் என்ற எண்ணமே இல்லை. இடது பக்கமாகவே ஓட்டுவார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். மற்ற கார்கள் பறந்து போகும். இவர் வழி விடுவார். ஒருமுறை ராஜு பின்னால் நின்று பார்த்துவிட்டு, உள்ளே யாரை ஏற்றியிருக்கிறீர்கள் மச்சான் என்று கேட்டான். நாற்பது பேர் என்றார் ஜெயபாலன்.

ஒரே ஒரு குறை அவரை உறுத்தியது. படம் சீராக ஓடவில்லை. திக்கியது.

"டீசல்ல தண்ணி கலந்த மாதிரி இருக்குலா," என்று ராஜுவிடம் சொன்னார். "ஓடுது, இழுக்குது, மறுபடி ஓடுது. இப்படி ஒரு வண்டிய நான் ஸ்டேண்டைவிட்டு எடுக்க மாட்டேன்."

ராஜுவுக்கு அது தொழில் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் இருவரும் பெட்டியின் முன்னால் உட்காருவார்கள். பஸ்ஸில் கோளாறு பார்க்கிற முறையை ஜெயபாலன் சொன்னார்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ராஜுவும் கடையில் அப்படித்தான் செய்கிறான் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

முதல் கோளாறு வெட்கப்படும்படி எளிதாக இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் வேகத்தைக் கூட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அதன் கம்பியைத் தலைகீழாக மாட்டியிருந்தான் ராஜு. விளக்கு எரிந்தால் வேகம் குறைந்திருந்தது. அதை மாற்றியதும் சாலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி வந்தது. ஆனால் திக்கல் போகவில்லை.

அடுத்தது வட்டு. படம் நிற்கும்போதெல்லாம் வட்டுப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதை ஜெயபாலன்தான் கண்டுபிடித்தார். புது வளைவு வரும்போது விளையாட்டு அந்த வளைவின் படத்தை வட்டிலிருந்து படிக்கிறது, வட்டு தேய்ந்து போனதால் திரும்பத் திரும்ப முயன்று படிக்கிறது என்று ராஜு விளக்கினான். எல்லாவற்றையும் உள்ளே இருந்த நிலை வட்டுக்கு மாற்றினான். அந்த நிறுத்தம் போனது. இன்னொரு சின்னத் துடிப்பு மிச்சம் இருந்தது, நாடி மாதிரி, விட்டு விட்டு. இரண்டு மாலை தேடினார்கள். திரையின் மூலையில் எப்போதும் மணி காட்டுவதற்காக ராஜு ஒரு சின்ன நிரல் போட்டு வைத்திருந்தான். விளையாட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் அது ஓடிக்கொண்டே இருந்தது. நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி மணியைத் திருத்திவிட்டுப் போனது. அதையும் எடுத்தார்கள்.

பிறகு தூசி. மலையை உடைக்கிற குவாரிகளிலிருந்து வருகிற வெள்ளைப் பொடி புந்தோங்கில் எல்லார் வீட்டுச் சன்னலிலும் படியும். மூடி இல்லாத பெட்டிக்குள் அது மாவு மாதிரி படிந்து, விசிறியை அடைத்து, அரை மணி நேரத்தில் பெட்டி கொதித்தது. நவமணி சேலையில் பூ வரைய வைத்திருந்த மெல்லிய தூரிகையால் துடைத்துக் கொடுத்தாள். ராஜு கடையிலிருந்து ஒரு மூடி கொண்டுவந்தான்.

அன்று மாலை ராஜு தானே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடியது. திருப்தியாக எழுந்து இடத்தை மச்சானுக்குக் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து ஜெயபாலன் சொன்னார், இன்னும் நிற்கிறது என்று.

நின்று நின்று போவதில்லை, தாண்டுகிறது என்றார். சாலை நேராக இருக்கிறது. அடுத்த கணம் வண்டி புல்லில் கிடக்கிறது. நடுவில் இருந்த வளைவைக் கம்ப்யூட்டர் காட்டவே இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படி ஆகிறது.

ராஜு உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் தாண்டவில்லை. மறுநாளும் பார்த்தான். விசைப்பலகையை மாற்றினான். திரைக்கான அட்டையைக் கழற்றி, முனைகளை அழிப்பானால் தேய்த்து மாட்டினான். குளிர்பெட்டி ஓடத் தொடங்கும்போது மின்சாரம் குறைகிறதோ என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தான். அன்றைக்கு மீன் கெட்டுப்போய் நவமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எதைச் செய்தாலும் அவன் ஓட்டும்போது சரியாக ஓடியது, மச்சான் ஓட்டும்போது தாண்டியது. மச்சானுக்குத் தோற்பது பிடிக்கவில்லை, அதனால் பெட்டியின் மேல் பழி போடுகிறார் என்றுகூட ஒரு கட்டத்தில் அவனுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்தது, ஜெயபாலனும் பார்த்தார். இரண்டு நாள் பேச்சு குறைந்தது.

கடைசியில் ராஜு விளையாட்டையே ஓரம் தள்ளினான். தானே ஒரு சின்ன நிரல் எழுதினான். அது ஒன்றும் செய்யாது. திரையின் நடுவில் பெரிதாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை நிதானமாகக் காட்டிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் உண்மையில் தாண்டினால் எண்ணும் தாண்ட வேண்டும். எந்த எண்ணில் தாண்டுகிறது என்று தெரிய, ஜெயபாலன் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெயபாலன் பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு சொல்வது மாதிரி படித்துக்கொண்டு போனார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. இருநூறு வரை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். ராஜுவுக்குக் கொட்டாவி வந்தது.

"நூத்தி இருபத்தி நாலு. நூத்தி இருபத்தி அஞ்சு."

அதோடு சத்தம் நின்றது. ராஜு திரும்பிப் பார்த்தான். ஜெயபாலன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. உதடு எதையோ மெல்லுவது மாதிரி அசைந்தது. வலது கை விரல்கள் கைலியின் ஓரத்தைப் பிடித்து நெருடிக்கொண்டிருந்தன. விளையாடுகிறார் என்று நினைத்து ராஜு சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக, ஒன்றுகூடக் குறையாமல் போய்க்கொண்டிருந்தன.

"நூத்தி முப்பத்தி ஏழு," என்றார் ஜெயபாலன். பிறகு ராஜு பக்கம் திரும்பி, "பாத்தியா? தாண்டிருச்சு" என்றார்.

கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கையில் அணைத்துக்கொண்டு நவமணி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"தாண்டலைங்க," என்றாள். "எல்லா நம்பரும் வந்துச்சு. நீங்கதான் நின்னுட்டீங்க."

அவர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார். மூவரும் சேர்ந்து படித்தார்கள், கோயிலில் கூட்டமாகப் பாடுவது மாதிரி. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம் தெளிந்தது. நான்காவது தடவை, எண்பதைத் தாண்டிய ஓர் இடத்தில், மூன்று குரல் இரண்டு குரலானது. ராஜுவும் நவமணியும் படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது. ஜெயபாலன் திரும்பி வந்தபோது, தான் சொல்ல வந்த எண்ணைத் தாண்டி மற்ற இருவரும் எங்கேயோ இருப்பதைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டார். கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார்.

நவமணி அன்றைக்குத்தான் சொன்னாள். கோப்பிக் கிளாஸ் அவர் கையில் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறாள். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்று, பிறகு வேறு ஒன்றில் தொடங்கியதைக் கேட்டிருக்கிறாள். விபத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார், கலைக்கக் கூடாது என்று ஒதுங்கிப் போயிருக்கிறாள்.

"யோசனையில இருக்கீங்கன்னு நெனைச்சேன்," என்றாள். அதைச் சொல்லும்போது துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள்.

மறுநாள் மாலை ராஜு அவரை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பேசினான். இது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும், கிளினிக்கில் ஏற்கனவே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மருந்து இல்லாமலா இருக்கும், ரகசியமாகச் சாப்பிட்டுக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்றான். அக்காள் ஒருத்தி சம்பாத்தியத்தில் வீடு ஓட வேண்டியிருக்கும் என்ற கவலை அவனுக்கு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஜெயபாலன் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பீடோர் பாலம் தெரியும்லா ஒனக்கு?" என்றார். "பாலத்துக்கு முன்னுக்கே எனக்கு நின்னு போச்சுன்னு வெய்யி. நான் முழிக்கிறப்ப பஸ்ஸு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதுவரைக்கும் யாரு ஓட்டுனா?"

ராஜு தலையைக் குனிந்துகொண்டான்.

அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் விமலாதேவி பார்த்தார். யாழ்ப்பாணக் குடும்பம், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சு மாறாதவர். எண்களைப் படித்த கதையை இடைமறிக்காமல் முழுதும் கேட்டார். நவமணியிடம் உதடு எப்படி அசைந்தது, விரல் எப்படி நெருடியது என்று செய்து காட்டச் சொன்னார். பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பி, தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் துடிப்பைத் தாளில் வரைகிற சோதனையை எடுக்க வைத்தார். முடிவு வந்ததும், இதுவும் ஒருவகை வலிப்புதான் என்றார்.

ஜெயபாலனுக்குக் கோபம் வந்தது. தோட்டத்தில் வலிப்பு வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். தரையில் விழுந்து துடிப்பார்கள், யாராவது சாவியைக் கையில் திணிப்பார்கள். தான் ஒருநாளும் விழுந்ததில்லையே என்றார். எல்லா வலிப்பும் விழுத்தாது, சிலது ஆளை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போகும், போனது அவருக்கே தெரியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மருந்தில் குறையும். ஆனால் பஸ் இனி ஓட்டக் கூடாது. சொந்த வண்டியும் இப்போதைக்கு வேண்டாம்.

கதவு வரை போன ஜெயபாலன் திரும்பி வந்து ஒன்று கேட்டார். தலையில் அடிபட்டதால் இது வந்ததா, அல்லது இது இருந்ததால்தான் அடிபட்டதா?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது என்னால சொல்ல ஏலாது, ஜெயபாலன். பெரும்பாலும் அடிபட்ட பிறகு வாறதுதான். ஆனா முந்தியே இருந்திருக்காது எண்டு நான் சொன்னா, அது பொய்."

கம்பெனியில் தானே போய்ச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின வாரம். மேனேஜர் முதலில் நம்பவில்லை, பிறகு எரிச்சல்பட்டார், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பார்க்கலாம் மாதக்கணக்கில் இழுத்தது.

அந்த மாதங்கள் வீட்டில் நன்றாக இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று ராஜுவிடம் ஒருநாள் கத்தினார். ராஜு அதைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தான். நீ அந்த நம்பரைப் போடாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்குச் சடக்கில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்று அவர் சொன்னதை நவமணி சமையலறையிலிருந்து கேட்டாள். சொன்னது தவறு என்று சொன்ன உடனே அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இருவரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். மருந்து அவருக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. பகலில் வாசல் நாற்காலியில் சரிந்து கிடப்பார். தெருவில் போகிறவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள். யாரையும் அவர் திருத்தவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலை அவர் பஸ்ஸில் பயணியாக ஏறிப் பீடோருக்குப் போனார். நவமணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆ சூனின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். கொய்யா மரங்களுக்கு நடுவே தகரக் கூரை வீடு. ஆ சூன் முக்காலியில் உட்கார்ந்து காய்களுக்குக் காகிதப் பை சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. யார் என்று தெரிந்ததும் அவர் மனைவி உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். அதில் ஜெயபாலன் எல்லாவற்றையும் சொன்னார். தன் தலை அவ்வப்போது நின்றுவிடுகிறது, அன்றைக்கும் நின்றிருக்கலாம், நின்றிருக்காமலும் இருக்கலாம், டாக்டருக்கே தெரியவில்லை, ஆனால் இது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். சந்திப்பில் நிற்காமல் வந்தது நீங்கள்தான் என்று போலீஸ் சொன்னதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை என்றும் சொன்னார்.

ஆ சூன் கையிலிருந்த காயைச் சுற்றி முடித்தார். நான் நின்றேனா என்று இத்தனை நாளாக நானும் யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை என்றார். தினமும் நிற்கிற இடம். அன்றைக்கும் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். மனைவி கேட்டால் நின்றேன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஞாபகம் இல்லை.

மன்னித்தேன் என்று ஆ சூன் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஜெயபாலன் போகலாமா வேண்டாமா என்று சற்று நேரம் நின்றார். பிறகு மண்ணில் உட்கார்ந்து, ஒரு காகிதப் பையை எடுத்து, அவர் சுற்றுகிற மாதிரியே சுற்றத் தொடங்கினார். உள்ளே கதவு திறக்கவே இல்லை. மதியம் வரை இருந்துவிட்டு வந்தார்.

அன்று மாலை ராஜுவின் அறை வாசலில் நின்று, அந்த எண் நிரல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மன்னிப்பை அப்படித்தான் அவரால் கேட்க முடிந்தது. ராஜு மறுநாளே பெட்டியைத் தூக்கி வந்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் உட்கார்ந்து படித்தார்கள். முதலில் விட்டுப்போன எண்கள் நிறைய இருந்தன. டாக்டர் மருந்தை மாற்றினார், அளவைக் கூட்டினார். மெல்ல மெல்லக் குறைந்தது. பல ஞாயிறுகள் ஒன்றுகூட விடாமல் போயின. முழுதாக நிற்கவில்லை, நிற்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கார் விளையாட்டை மட்டும் அவர் மறுபடி தொடவில்லை. ராஜு ஒருமுறை போட்டுக் காட்டினான். சாலை நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது ஏப்ரல் மாதம். பஸ் கிளம்புவதற்கு முன்னால் டயர், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துச் சரி சொல்கிற வேலை. ஓட்டுகிற வேலையைவிடக் கீழான வேலை என்று சிலர் சொன்னார்கள். அவரும் முதல் சில நாள் அப்படித்தான் நினைத்தார். பஸ்கள் ஒவ்வொன்றாக நிலையத்தைவிட்டு வெளியேறும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பிறகு அதுவும் பழகியது. ஓட்டுநர்கள் ஏறும்போது வண்டியைப் பார்க்கிற மாதிரி ஆளையும் பார்ப்பார். கண் சிவந்திருக்கிற ஒருவனை இறக்கிவிட்டதற்காக ஒரு தடவை பெரிய சண்டை வந்தது. மேனேஜர் இவர் பக்கம் நிற்கவில்லை. அடுத்த தடவையும் அவர் அதையேதான் செய்தார்.

நவமணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுதான். அவளாக எடுத்த முடிவு. பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். வகுப்புக்குப் போனாள், சோதனையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினாள். நுண்ணோக்கியில் பல வருஷம் பார்த்த கண். தூரத்தை அளப்பதில் தடுமாறினாலும் நிறுத்துகிற இடத்தில் விரற்கடை பிசகாமல் நிறுத்துவாள். ஜெயபாலன் இடது பக்கம் உட்காருவார். ஆரம்பத்தில் இவர் வாய் ஓயாது: கிளட்சை விடு, கண்ணாடியைப் பார், லோரிக்கு ஒதுங்கு. ஒருநாள் அவள் ஓரமாக நிறுத்தி, ஒன்று நான் ஓட்ட வேண்டும் அல்லது நீங்கள் பேச வேண்டும், இரண்டும் நடக்காது என்றாள். அதிலிருந்து குறைத்துக்கொண்டார்.

அவர்கள் முதலில் தூரமாகப் போனது சித்தியவானுக்கு, நவமணியின் பெரியம்மா மகள் வீட்டுக் குடிபுகலுக்கு. ராஜு வரவில்லை, அதற்குள் அவன் பினாங்கில் வேலைக்குப் போய்விட்டான். பாரிட் தாண்டி, போத்தாவை நெருங்கும்போது வெயில் ஏறியிருந்தது. ஜெயபாலன் பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் பால் லோரி ஓட்டிய முதல் நாள், மேனேஜர் துரையின் நாய் குறுக்கே வந்தது, இவர் பிரேக்கை மிதித்தார்...

பேச்சு நின்றது. நவமணி சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது பக்கம் விரல்கள் வேட்டி ஓரத்தை நெருடுவது தெரிந்தது. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே பேராக் ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தின் பாதியில் அவர் தலையைத் திருப்பினார். ஆற்றைப் பார்த்தார். எதையோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது.

"பிரேக்க மிதிச்சேன்னு சொன்னீங்க," என்றாள் நவமணி. "அந்த நாயி என்னா ஆச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பால்தான் தொட்டியைவிட்டுத் தளும்பி முன்கண்ணாடி முழுக்க வழிந்தது என்று சொல்லத் தொடங்கினார். துரையின் முகத்தைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடே கியரை மாற்றினாள். சித்தியவானுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.